பங்குக் குறூப்பில் சண்டை மூண்டால்

திருவிழாக் கணக்கு, பாடகர் குழு ஒத்திகை, சிரமதானத்துக்கு வராதவர்கள். திருகோணமலையில் ஒரு கத்தோலிக்கப் பங்கின், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த சபையாரின், வட்ஸ்அப் குறூப்பில் சண்டை மூள இவ்வளவு போதும். கடுஞ்சொல்லை விடப் பார்வையாளர் கூட்டம்தான் கேடு செய்யும். ஊர் முன்னால் பிழை சுட்டப்பட்டவர் பிழையை யோசிக்க மாட்டார், மானத்தைக் காக்கத்தான் பார்ப்பார். மத்தேயு 18:15-17 இதற்கு ஒரு வரிசை தருகிறது: முதலில் தனியே, கேட்காவிட்டால் ஓரிருவரோடு, அதற்கும் பிறகுதான் சபை. நாமோ சபையில் தொடங்குகிறோம்.

குறூப்பில் ஒருவரோடு பிணக்கு என்றால், அவர் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்தால் மெனுவில் தனியாகப் பதில் அனுப்பும் தெரிவு இருக்கும். அதைத் தொட்டால் உரையாடல் உங்கள் இருவருக்குள் போய்விடும். முதல் வரி கேள்வியாக இருக்கட்டும்: "அண்ணை, சாப்பாட்டுச் செலவு இரண்டு தரம் விழுந்திருக்குப் போல, ஒருக்காப் பாப்பமா?" "கணக்கைக் காட்டுங்கோ" என்று தொடங்கினால் களவு என்று சொன்னதாகவே எடுப்பார். மூன்று செய்திக்குள் தீராவிட்டால் எழுத்தை நிறுத்திவிட்டு அழைப்பு எடுங்கள், அல்லது ஞாயிறு பூசை முடிந்து கோவில் முற்றத்தில் பேசுங்கள். எழுத்தில் குரல் கேட்காது. "சரி" என்ற ஒற்றைச் சொல்கூட முறைப்பாகப் படும்.

கோபத்தில் எழுதத்தான் வேண்டுமென்றால் நோட்ஸில் எழுதுங்கள். செய்திப் பெட்டியில் எழுதினால் விரல் தவறிப் போய்விடும். வட்ஸ்அப்பில் செய்தியைத் திருத்த 15 நிமிடம் உண்டு, எல்லோருக்கும் அழிக்க ஏறத்தாழ இரண்டு நாள். ஸ்கிரீன்ஷொட் எடுக்க இரண்டு விநாடி போதும். கோபத்தில் வொய்ஸ் அனுப்பவே வேண்டாம். குரலோடு ஊர் சுற்றும்.

வசனத்தைக் கல்லாக எறிவது நம்மவர்களின் தனிப் பழக்கம். பெயர் சொல்லாமல் ஸ்டேட்டஸில் ஒரு நீதிமொழியைப் போட்டால் யாருக்கென்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரை மனதில் வைத்துத் தேடி எடுத்த வசனத்தை அன்றைக்குப் போடாதீர்கள்.

பிற சமயத்தவரைப் பற்றிய ஃபோர்வேட் இதைவிடப் பாரதூரமானது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் பொய்ச் செய்தி பரவுவதைத் தடுக்க அரசு சமூக ஊடகங்களையே சில நாள் முடக்கியது. இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கைமாறி வந்த செய்தி. யார் சொன்னது, எங்கே, எப்போது என்ற மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அனுப்பாதீர்கள். மூன்றும் இருந்தாலும், கிண்ணியாவிலுள்ள முஸ்லிம் நண்பருக்கோ கோணேசர் கோவிலுக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காவுக்கோ வாசித்துக் காட்ட முடியுமா என்று பாருங்கள். கடவுளைப் போற்றும் அதே நாவால் அவருடைய சாயலான மனிதரைச் சபிப்பதை யாக்கோபு 3:9 கண்டிக்கிறது. நமக்குள் இருக்கும் நம்பிக்கைக்கு விளக்கம் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்லும் 1 பேதுரு 3:15-ஐ வாதத்துக்கு எடுப்பவர்கள், அதைச் சாந்தத்தோடு சொல்லச் சொன்ன பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் குறூப்பின் அட்மின் என்றால், சண்டை சூடேறியதும் அட்மின்கள் மட்டும் எழுதும்படி செட்டிங்கை மாற்றி, காலையில் இருவரையும் தனித்தனியாக அழையுங்கள். எடுத்தவுடன் ஆளை நீக்கினால் அந்தப் பக்கத்தார் வேறு குறூப் தொடங்குவார்கள்.

மன்னிப்பைக் காயம் நடந்த இடத்திலேயே கேளுங்கள். குறூப்பில் ஏசிவிட்டு இன்பொக்ஸில் கேட்பது கணக்கில் வராது. "நேற்று நான் எழுதியது பிழை, மன்னியுங்கோ" என்பதோடு நிறுத்துங்கள். "ஆனால்" என்று தொடர்ந்தால் சண்டை அங்கிருந்தே மறுபடி தொடங்கும்.