போலீஸ் சோதனை போட வந்தால் மகஜர் நகலைக் கேளுங்கள்

மதுரையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் போலீஸ் சோதனை. டீக்கடையில் நின்ற ஒருவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். மனிதர் பயத்தில் மகஜரை, அதாவது என்னென்ன எடுத்தார்கள் என்று போலீஸ் எழுதும் பட்டியலை, படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வீட்டுக்காரரோ, எடுத்துப்போன இரண்டு போனுக்கும் ஒரு துண்டுச்சீட்டுகூட வாங்கவில்லை.

வாரண்ட் இருந்தால் வாங்கிப் படியுங்கள். அவசரமென்றால் வாரண்ட் இல்லாமலும் தேடலாம், ஆனால் பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி காரணத்தை முன்பே எழுதிவைக்க வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். அங்கே விண்ணப்பித்தால் நமக்கும் இலவசமாகத் தருவார்கள். 2024 ஜூலை 1 முதல் சோதனையை வீடியோ எடுக்கவும் வேண்டும்.

கதவை மறித்துச் சண்டை போடாதீர்கள், அது வேறு வழக்காகிவிடும். ஆனால் கூடவே நின்று பார்ப்பது உங்கள் உரிமை. அக்கம்பக்கத்துச் சாட்சிகள் குறைந்தது இருவர் வேண்டும். பெண்களைப் பெண்தான் சோதிக்கலாம். முடிந்ததும், எடுத்த பொருள்களின் பட்டியலான அந்த மகஜரின் நகலை வாங்காமல் விடாதீர்கள். போனென்றால் மாடலும், ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணும் அதில் இருக்கிறதா பாருங்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள், சரி. ஆனால் முறைதவறிச் சோதனை போட்டார்கள் என்பதற்காக மட்டும் சிக்கிய பொருளை நம் நீதிமன்றங்கள் சாதாரணமாக ஒதுக்கிவிடுவதில்லை. அதனால் வந்தவர்கள் பெயர், வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்திலாவது அன்றைக்கே குறித்துவையுங்கள்.