ஊட்டிச் சிரிப்பானா, கொடைக்கானல் சிரிப்பானா? படத்தை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

ஊட்டியில் டாக்ஸி ஓட்டுகிறேன். பறவை பார்க்க வருகிறவர்கள் இங்கே முடித்துவிட்டு அப்படியே கொடைக்கானலுக்கும் போகச் சொல்வார்கள். ஊர் திரும்பியதும் போன் வரும்: "அண்ணா, மெமரி கார்டில் எல்லாம் கலந்துபோச்சு. இது நீலகிரிச் சிரிப்பானா, பழனிச் சிரிப்பானா?"

சிரிப்பான் என்பது சிரிப்பதுபோலக் கத்தும் மலைப் பறவை. வயிற்றைப் பார்த்தால் விடை கிடைக்காது. இரண்டுக்கும் அது செம்பழுப்பு, இரண்டுக்கும் வெள்ளைப் புருவம். மோவாயையும் (அலகுக்கு அடியில்) நெஞ்சையும் பெரிதாக்கிப் பாருங்கள். நீலகிரிச் சிரிப்பானுக்கு மோவாய் கறுப்பு. அதன் கீழே தொண்டை, நெஞ்சு, வயிறு எல்லாம் செங்கல் நிறம். பழனிச் சிரிப்பானுக்கு மோவாயில் அந்தக் கறுப்பு இல்லை. தொண்டையும் நெஞ்சும் சாம்பல், மேலே மெல்லிய கீற்றுகள். செம்பழுப்பு அதற்குக் கீழேதான் ஆரம்பிக்கும்.

படம் மங்கலா? எடுத்த இடமே போதும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஊட்டி, கோத்தகிரி என்றால் நீலகிரிச் சிரிப்பான். தெற்கே கொடைக்கானல், மூணாறு என்றால் பழனிச் சிரிப்பான். சில பழைய கையேடுகளில் தெற்கத்திப் பறவை 'கேரளச் சிரிப்பான்' என்று இருக்கும், குழம்ப வேண்டாம்.

அப்புறம் பாதுகாப்பு நிலை. ஐ.யு.சி.என். என்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் நீலகிரிச் சிரிப்பான் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களில் ஒன்று. பழனிச் சிரிப்பான் அதைவிடச் சற்றுத் தேவலை, 'அச்சுறு நிலையை அண்மித்த இனம்'. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தாவரவியல் பூங்கா வேலியோரம் கூட்டமாகக் கத்திக்கொண்டு திரிகிற பறவைக்கு என்ன ஆபத்து என்பார்கள். அந்தப் பட்டியல் கண்ணில் எத்தனை படுகிறது என்று மட்டும் எண்ணுவதில்லை. எவ்வளவு இடத்தில் வாழ்கிறது, அந்த இடம் சுருங்குகிறதா, துண்டாகிறதா என்றும் பார்க்கிறது. நீலகிரிச் சிரிப்பானுக்கு உலகத்திலேயே இருப்பது இந்த மலையின் மேல்பகுதிதான். அதிலும் சோலையும் புல்வெளியும் இருந்த இடங்கள் தேயிலைக்கும் தைலமரத்துக்கும் சீகை மரத்துக்கும் போய்விட்டன. பழனிச் சிரிப்பானுக்குப் பழனி மலையோடு ஆனைமலைப் பக்கமும் இடம் இருக்கிறது. கொடைக்கானலிலும் சீகையும் பைனும் புல்வெளியை விழுங்கியிருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகவே பட்டியலைப் படிக்கும்போது நிலையோடு நிறுத்தாமல், பரவலைக் காட்டும் வரைபடத்தையும் மதிப்பிட்ட ஆண்டையும் பார்த்துவிடுங்கள்.

நேரில் பார்க்க விடியற்காலைதான் சரி. தவிட்டுப்பழம் பழுத்த புதர்ப் பக்கம் பேசாமல் நில்லுங்கள், சிரிப்புச் சத்தம் தானாக வரும். பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் போட்டு வரவழைக்க மட்டும் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் பறவை குஞ்சுக்கு இரை தேடுவதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலையும். என் வண்டியில் ஏறும்போதே இதைச் சொல்லிவிடுவேன். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ஈபேர்டில் (பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளம்) ஏற்றும்போது, பார்த்த பறவைகளின் பட்டியலை அந்தந்த இடத்திலேயே முடித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் மொத்தமாக ஏற்றினால்தான் எனக்குப் போன் வருகிறது.