ஜியாமெட்ரி டேஷ்: முதல் நிலையை முடிப்பது எப்படி?

ஸ்வீடனைச் சேர்ந்த ராபர்ட் டோபாலா 2013-இல் வெளியிட்ட விளையாட்டு ஜியாமெட்ரி டேஷ். ஒரு சிறு கனசதுரம் தானாகவே ஓடுகிறது. திரையைத் தொட்டால் அது குதிக்கும், அவ்வளவுதான் உங்கள் வேலை. முள்ளில் பட்டாலோ கட்டையின் பக்கவாட்டில் மோதினாலோ தொடக்கத்திலிருந்து மீண்டும் ஓட வேண்டும். பலர் ஸ்டீரியோ மேட்னஸ் என்ற முதல் நிலையில் (level) பாதியைத் தாண்டுவதற்குள் இது தமக்கு வராது என்று விட்டுவிடுகிறார்கள். முறையாகப் பழகினால் எவருக்கும் வரும் என்பதே என் உறுதியான எண்ணம். இலவசமான லைட் பதிப்பிலும் இந்த நிலை இருக்கிறது.

முதலில் ஒலியைச் சரிசெய்யுங்கள். தடைகள் பாட்டின் தாளத்துக்கு ஏற்ப வைக்கப்பட்டிருப்பதால், காது பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். கண் ஒன்று சொல்லும், காது வேறொன்று சொல்லும். கம்பியுள்ள ஹெட்போனோ கைப்பேசியின் ஸ்பீக்கரோ போதும். விளையாடும் முன், பாட்டைச் சில முறை கேட்டு, விரலால் மேசையில் தட்டிப் பாருங்கள்.

அடுத்தது விளையாட்டிலேயே இருக்கும் பயிற்சி முறை (Practice Mode). இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். இதில் பச்சை நிறச் சாய்சதுரங்களை நிறுத்தப் புள்ளிகளாக வைத்துக்கொள்ளலாம். அடிபட்டால் கடைசிப் புள்ளியிலிருந்து தொடரலாம். முள்ளுக்கு மிக அருகில் புள்ளி வைக்காதீர்கள். தரையில் நிதானமாக ஓடும் இடமே சரி. தவறான இடத்தில் வைத்துவிட்டால் அதை நீக்கிவிடவும் பொத்தான் உண்டு. ஒரு முறை முழுதும் கடந்த பிறகு, எங்கெங்கே திணறினீர்களோ அந்தப் பகுதிகளை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுங்கள். குறிப்பாகக் கடைசிப் பகுதி. சாதாரண ஆட்டத்தில் எப்போதாவதுதான் அங்கே போய்ச் சேருவோம். சேரும் நேரத்தில் கை பழகாமல் இருந்தால் அதுவரை வந்ததெல்லாம் வீணாகும். தொடக்கம் தானாகவே பழகிவிடும். முடிவைத்தான் வலிந்து பழக வேண்டும்.

பயிற்சி முறையில் வழக்கமாக வேறு ஓர் இசை ஒலிக்கும். ஆகவே அங்கே இடங்களைக் கண்ணால் மனப்பாடம் செய்யுங்கள். தாளத்தோடு சேர்ப்பதைச் சாதாரண ஆட்டத்தில் செய்யுங்கள்.

கனசதுரம் திரையில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பார்வை அதற்கு வலப்புறம், வரப்போகும் தடையின் மேல் இருக்கட்டும். இரட்டை முள் வந்தால் பதறி முன்கூட்டியே குதிப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்படிக் குதித்தால் இரண்டாவது முள்ளின் மேல் விழுவீர்கள். முதல் முள்ளை நன்றாக நெருங்கிய பிறகு தட்டுங்கள். முள்ளின் ஆபத்தான பகுதி படத்தில் தெரிவதைவிடச் சிறியது, எனவே துணிந்து நெருங்கலாம். விரலை எடுக்காமல் அழுத்தினால் தரையைத் தொட்ட கணமே கனசதுரம் மறுபடி குதிக்கும். அடுத்தடுத்த படிகளில் இது உதவும், முட்களிடையே வேண்டாம்.

முதல் நிலையில் ஏறக்குறைய 30 விழுக்காடு கடந்ததும் கனசதுரம் விண்கலமாக மாறும். அழுத்தினால் மேலே, விட்டால் கீழே. நீண்ட அழுத்தம் கலத்தைக் கூரைக்குத் தூக்கிவிடும், பிறகு வேகமாக இறக்கும். சிறுசிறு தட்டல்களாகத் தொடர்ந்து கொடுத்தால் நேராகப் போகும். தரையிலோ கூரையிலோ உரசினால் ஒன்றும் ஆகாது, கட்டைகளின் முன்பக்கத்தில் மோதாமல் இருந்தால் சரி.

ஒரே இடத்தில் தொடர்ந்து அடிபட்டால், பயிற்சி முறைக்குத் திரும்பி அந்த இடத்துக்குச் சற்று முன் புள்ளி வைத்து, பிழையின்றித் தொடர்ந்து சில முறை கடக்கும்வரை அங்கேயே பழகுங்கள். கை களைத்தால் நிறுத்திவிடுங்கள். களைத்த விரல் தப்பான நேரத்தைப் பழகிக்கொள்ளும்.

முதல் நிலை முடிந்தால் பேக் ஆன் டிராக், பிறகு போலர்கைஸ்ட் என்று வரிசையாகவே போங்கள். ஒவ்வொன்றும் புதிய ஒன்றைக் கற்றுத்தரும். பேக் ஆன் டிராக்கில் மஞ்சள் தட்டு தானாகவே உங்களைத் தூக்கி எறியும், நீங்கள் தட்டத் தேவையில்லை. போலர்கைஸ்டில் வரும் மஞ்சள் வளையம் அப்படியல்ல: அதைத் தொடும் நேரத்தில் காற்றிலேயே ஒரு முறை தட்ட வேண்டும்.