வெறும் கட்டத்துக்கு ‘சூப்பர்’ போடாதீர்கள்

உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆன்லைனில் வழிகாட்டியாக இருக்க ஐந்து பேர் என்னிடம் பயிற்சி எடுக்கிறார்கள். தண்டையார்பேட்டையில் என் வீட்டு முன்னறைதான் வகுப்பு. முதல் வாரம் அவர்கள் அனுப்பிய பதில்களைப் பார்த்தால், ஏழு வருஷத்துக்கு முன் நான் எழுதியவை போலவே இருக்கின்றன. நேரத்துக்கு அழைப்பது, ரகசியம் காப்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நாம் வழக்கமாகச் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

யாருக்கு என்று பாராமல் தொடங்குவது

அடக்க முடியாமல் அள்ளிச் சாப்பிடும் பிஞ்ச் ஈட்டிங், சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் புலிமியா, இந்த இரண்டுக்கும்தான் நம் வழிகாட்டல். சிகிச்சை முறைகளை வகுத்துச் சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறது: பாடத்தை அவர்களே படிப்பார்கள், 16 வாரத்தில் 4 முதல் 9 தடவை, தடவைக்கு 20 நிமிஷம் நாம் பேசுவோம். எடை கூடிவிடுமோ என்று பயந்து பட்டினி கிடக்கும் அனரெக்ஸியாவுக்கு இது மட்டும் போதாது. அடிக்கடி வாந்தியெடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். அப்படிப்பட்டவர்களை முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள். நம் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

வெறும் கட்டத்தைப் பாராட்டுவது

அவர்கள் தினமும் எழுதி அனுப்பும் உணவுக் குறிப்பில் நேரம், சாப்பிட்டது, இடம், அளவு மீறியதாகத் தோன்றியதா, வாந்தியெடுத்தாரா, மனசில் என்ன ஓடியது என்று கட்டங்கள் இருக்கும். கலோரிக்குக் கட்டமே கிடையாது. நான்தான் மனசுக்குள் கலோரி எண்ணிக்கொண்டிருந்தேன்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண். செவ்வாய்க்கிழமைக் குறிப்பில் காலை ஒரு டீ. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. “சூப்பர்ம்மா, நல்லா கண்ட்ரோல் பண்ணியிருக்கே” என்று அனுப்பினேன். புதன், வியாழனும் அதேபோல் வந்தன. வெள்ளிக்கிழமை பகலில் “விரதம்க்கா”. ராத்திரி 11.40-க்கு ஒரு பார்சல் அத்தோ (பர்மா நூடுல்ஸ்), பானையில் மிச்சமிருந்த சோறு, தம்பிக்கு வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட் முழுசும், சட்டியில் வழித்தெடுத்த மீன் குழம்பு. பக்கத்தில், “உங்க மூஞ்சில எப்படிக்கா முழிப்பேன்?”

அதோடு இரண்டு வாரம் குறிப்பே வரவில்லை. திரும்பி வந்தபோதுதான் சொன்னாள், புதனும் வியாழனும் ராத்திரி சாப்பிட்டிருக்கிறாள். என் ‘சூப்பர்’ போய்விடுமே என்று எழுதாமல் விட்டிருக்கிறாள். அவளுக்கு மறைக்கக் கற்றுக்கொடுத்தது நான்.

பகல் பட்டினிதான் ராத்திரி அவளை அடுக்களைக்கு இழுக்கிறது. அதனால் முதல் வேலை ராத்திரிச் சாப்பாட்டைத் தடுப்பதல்ல, பகல் சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவருவது: மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று தடவை சிறு தீனி, நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். முந்தின ராத்திரி எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் காலை இட்லியைத் தள்ளக் கூடாது. வெறும் கட்டத்தைப் பார்த்தால் “டீக்கு அப்புறம் என்ன ஆச்சும்மா?” என்று கேளுங்கள். அள்ளிச் சாப்பிட்டதை ஒளிக்காமல் எழுதியிருந்தால், எழுதியதற்காகப் பாராட்டுங்கள்.

இவ்வளவும் முதல் நாளே சொல்லியிருந்தேன். போன வாரம் பயிற்சிக்கு வந்த ஒருவர், இரவு வரை வெறுமையாக இருந்த குறிப்புக்குக் கட்டை விரலை உயர்த்தி அனுப்பியிருந்தார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கே போன் போட்டு அதை அழிக்கச் சொன்னேன்.

ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதச் சொல்வது

சாப்பிட்ட கையோடு எழுத வேண்டும்.

வாந்தியெடுத்ததும் பல் துலக்கச் சொல்வது

கூடாது. அமிலம் பட்ட பல் தேயும். தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.

பலனில்லாமல் இழுப்பது

நாலு வாரத்தில் முன்னேற்றமே இல்லையென்றால் நேரடி சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

தனி அறை இருக்கும் என்று நினைப்பது

ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீடு நம் பக்கத்தில் சாதாரணம். போனும் பல வீட்டில் அம்மாவுடையது. பேச்சைத் தொடங்கும் முன் “பக்கத்துல யாராவது இருக்காங்களா?” என்று கேளுங்கள். அந்தக் கல்லூரிப் பெண் மொட்டை மாடியில், காயும் துணிகளுக்கு நடுவே நின்றுதான் பேசுவாள். யாராவது படியேறினால் “நோட்ஸ் அனுப்புறேன்க்கா” என்பாள். நான் உடனே போனை வைத்துவிடுவேன்.