மழை தொடங்க முன் பெக்கோவின் ஹைட்ரோலிக் ஹோஸ்களைப் பாருங்கள்

மண் தோண்டும் பெக்கோவில் அழுத்தத்தோடு ஒயில் ஓடும் ஹோஸ்களைப் பார்க்க, கொழும்பில் சரியான நேரம் ஏப்ரல் முதல் கிழமை. புத்தாண்டுக்கு ஒப்பரேட்டர்மார் ஊருக்குப் போய், மெஷின் சும்மா நிற்கும்போது பார்க்கலாமே என்று தோன்றும், ஆனால் அந்த நாட்களில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக் கடைகளும் பூட்டித்தான் கிடக்கும், பழுதைக் கண்டுபிடித்து என்ன செய்வது? மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சேற்றில் நின்றுதான் ஹோஸ் கழற்ற வேண்டிவரும். அடுத்த தடவை செப்டம்பர் கடைசியில், ஒக்டோபர் இடிமழைக்கு முன்.

முதலில் பக்கெட்டை நிலத்தில் இறக்கி எஞ்சினை நிறுத்துங்கள். நின்ற பிறகும் ஹோஸுக்குள் அழுத்தம் இருக்கும், லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து அதை வெளியேற்ற வேண்டும். சில மெஷின்களில் இதற்குச் சாவி "ஒன்" நிலையில் இருக்க வேண்டும், மெஷினோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

ஒழுக்கைத் தேடும்போது ஒருபோதும் கையால் தடவாதீர்கள். அழுத்தம் இருக்கும்போது ஊசித் துவாரத்தால் பீறிடும் ஒயில் கண்ணுக்குத் தெரியாது, கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான், முதலில் பெரிதாக வலிக்காது, அதனால் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்பவர்களும் உண்டு. சில மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை நடக்காவிட்டால் விரலோ கையோ போகலாம். உடனே 1990 இலக்கத்தில் அம்புலன்சைக் கூப்பிடுங்கள், ஆஸ்பத்திரியில் "ஒயில் அழுத்தத்தோடு உள்ளே போய்விட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தேடுவதற்கு நீளமான காட்போர்ட் மட்டை போதும், ஒயில் பட்ட இடம் நனைந்து காட்டும்.

சேற்றைக் கழுவித் துடைத்தால்தான் எதுவும் தெரியும். வெளி றப்பரில் வெடிப்பு, கொப்புளம், உரசிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள், பூம் என்கிற பெரிய கை மடியும் இடத்தில் கொஞ்சம் நேரம் எடுத்தே பாருங்கள். உள்ளே கம்பி தெரிந்தால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான். டேப் சுற்றினால் மழைத்தண்ணீர் உள்ளே தேங்கிக் கம்பி இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். முகத்துவாரம், துறைமுகம் பக்கம் வேலை செய்யும் மெஷின்களில் உப்புக் காற்றால் நுனி இரும்பு துருப்பிடித்திருக்கும், அதையும் விடாதீர்கள். ஹோஸில் அச்சடித்த எழுத்துவரி முறுக்கிப் போயிருந்தால் ஹோஸ் முறுகிப் பூட்டப்பட்டிருக்கிறது, அது சீக்கிரம் வெடிக்கும்.

புதியது செய்யப் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், ஆனால் தடிப்பை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அரை அங்குல ஹோஸில், உள்ளே ஒரு கம்பிப் பின்னல் உள்ள 1எஸ்என் வகை தாங்குவது 160 பார் (அழுத்த அளவு), இரண்டு பின்னல் உள்ள 2எஸ்என் 275 பார், வெளியே பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் 4 சதவீதம் வரை குறுகலாம், ஆகவே விறைப்பாக இழுத்துப் பூட்டும் அளவுக்கு வெட்ட வேண்டாம். வெட்டிய பிறகு உள்ளே காற்றடித்துத் துப்புரவாக்கி, இரு நுனியையும் மூடித் தரச் சொல்லுங்கள், வெட்டும்போது உள்ளே விழும் தூள் பம்பைத் தின்றுவிடும்.

பூட்டும்போது இரண்டு ஸ்பானர் பிடியுங்கள், ஒன்று ஹோஸ் முறுகாமல் இருக்க. பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு ஒவ்வொரு லீவரையும் சில தடவை அசைத்து, ஒயில் மட்டத்தைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். கீழே வடிந்த பழைய ஒயிலைக் கானில் ஊற்றாமல் கேனில் பிடித்து, பழைய ஒயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.