மாடிஃபைடு பழைய காரை வாங்கலாமா? பெங்களூரில் பார்த்து முடிவெடுக்கும் முறை

ஹோண்டா சிட்டி வீடெக், ஃபியட் பாலியோ, ஸ்விஃப்ட் டீசல், போலோ ஜிடி. பெங்களூரில் 'மாடிஃபைடு' என்று விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை இவை. விற்பவர் போடும் கணக்கும் எப்போதும் ஒன்றுதான்: வீலுக்கு இவ்வளவு, சஸ்பென்ஷனுக்கு இவ்வளவு, ரீமேப்புக்கு (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றியதற்கு) இவ்வளவு, அதில் பாதியையாவது கொடுங்கள். காது கொடுத்துக் கேட்கலாம், விலையில் சேர்க்க வேண்டாம்.

நீங்கள் போட வேண்டிய கணக்கு வேறு. அதே வருடம், அதே கிலோமீட்டர், யாரும் கைவைக்காத வண்டி இன்று என்ன விலைக்குப் போகிறது? இந்த வண்டியைக் கம்பெனியிலிருந்து வந்தபடி திருப்ப ஆகும் செலவை அதிலிருந்து கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் உச்ச விலை. உதாரணத்துக்கு ஸ்டாக் வண்டி 3,00,000 ரூபாய், திருப்பும் செலவு 70,000 என்று வைத்தால், 2,30,000-க்கு மேல் பேச்சே கிடையாது. ஆகவே போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஒரிஜினல் பார்ட்ஸ் எல்லாம் வெச்சிருக்கீங்களா?" ஏர் பாக்ஸ், சைலன்சர், ஸ்பிரிங், ஹெட்லைட், ஸ்டீயரிங் எல்லாம் வீட்டில் ஒரு மூலையில் இருந்தால் அந்த 70,000 பாதியாகும். நிதானமானவர் கையில் இருந்த வண்டி என்பதற்கும் அது ஒரு அடையாளம்.

போவதற்கு முன் காகிதம்

எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எரிபொருள், இன்சூரன்ஸ், கடன் பாக்கி, ஆர்சி காலாவதி தேதி எல்லாம் வரும். நேரில் போகும்போது எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் டார்ச் அடித்து ஆர்சியோடு ஒப்பிட வேண்டும். எஞ்சின் மாற்றிய வண்டியில் புது எண் ஆர்சியில் ஏறியிருக்காவிட்டால் அங்கேயே கிளம்பிவிடலாம். "ஆர்டிஓ-ல பேசி மாத்திக்கலாம்" என்பது விற்கிற வரைக்கும்தான்.

சட்டம் இதில் இறுக்கமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து ஆர்சி விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ரக எஞ்சினை முறைப்படி மாற்றுவது, அனுமதி பெற்ற சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட் பொருத்துவது போன்றவற்றுக்கு வழி உண்டு. நிறம் மாற்றினாலும் ஆர்சியில் ஏற வேண்டும். சட்டத்துக்குப் புறம்பான மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு சொல்கிறது. நடைமுறையில் முதலில் மாட்டுவது சத்தம் போடும் சைலன்சர்தான்.

நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது வெளிமாநில நம்பரில். டிஎன் 70 ஓசூர் வண்டி, கோவை வண்டி, சென்னை வண்டி எல்லாம் இங்கே மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், கர்நாடக ஆயுள் வரி அதில் கட்டப்படவில்லை என்பதே. ஒரு மாநிலத்து வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும்: பழைய ஆர்டிஓ-விடம் படிவம் 28-இல் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), இங்கே படிவம் 27-இல் புது எண்ணுக்கு விண்ணப்பம், கூடவே பெயர் மாற்றத்துக்கு 29, 30. கடன் இருந்திருந்தால் 35. வரி எவ்வளவு என்று உங்கள் ஏரியா ஆர்டிஓ-வில் கேட்டுக்கொண்ட பிறகு விலை பேசுங்கள். மறுபதிவுக்கு இன்ஸ்பெக்டர் முன் வண்டியை நிறுத்தும்போது, மாற்றங்கள் எல்லாம் அவர் கண்ணில் படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டெல்லி வண்டியிலும் இதே பாடுதான். அங்கே டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்ற கட்டுப்பாடு வந்த பிறகு பல கார்கள் தெற்கே இறங்கின. துரு குறைவாக இருக்கும், பேப்பர் வேலை அதிகமாக இருக்கும்.

15 வருடம் தாண்டிய வண்டியானால் படிவம் 25-இல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-இலிருந்து 5,000 ரூபாய் ஆனது. இதற்கும் எஃப்சி-க்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டி ஸ்டாக்காக நிற்க வேண்டும்.

காலையில் போங்கள், முதல் ஸ்டார்ட்டைப் பாருங்கள்

"நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய், முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினில் செல்ஃப் அடித்து முதல் ஐந்து விநாடி வரும் சத்தமும் புகையும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை கலையாமல் இனிப்பு வாசனையோடு நின்றால் கூலன்ட் எரிகிறது. பெட்ரோல் வண்டியில் கறுப்புப் புகை என்றால் அளவுக்கு மீறி எரிபொருள் போகிறது, ரீமேப் காரணமாக இருக்கலாம். ஆயில் மூடிக்கு அடியில் காபி நுரை மாதிரி இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் கொஞ்சம் ஈரம் படிவது சகஜம், ஆகவே ரேடியேட்டர் பக்கமும் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

கம்ப்ரஷன் டெஸ்டுக்கு (சிலிண்டருக்குள் அழுத்தத்தை கேஜ் வைத்து அளப்பதற்கு) ஓனர் சம்மதிக்காவிட்டால் பெரிய எஞ்சின் வேலை செய்த வண்டியைத் தொட வேண்டாம். எஞ்சின் சூட்டில், எல்லா பிளக்கையும் கழற்றி, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்து, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து ஐந்தாறு சுற்று செல்ஃப் அடிக்க வேண்டும். சாதாரண பெட்ரோல் எஞ்சினில் 150 முதல் 190 பிஎஸ்ஐ வரை வரும். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் 10–15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது.

இங்கே பெங்களூருக்கே உரிய ஒரு விஷயம். ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்று மெலிந்தது. மேனுவலில் 185 என்று இருந்தால் இங்கே கேஜ் 165 பக்கம் காட்டும். நான்கிலும் ஒரே மாதிரி 165 என்றால் அது நல்ல எஞ்சின். ஒன்றில் மட்டும் 130 என்றால் அந்த ஓட்டையில் ஒரு டீஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். டர்போ இல்லாத வண்டி சென்னையைவிட இங்கே மந்தமாகத் தெரிவதற்கும் இதே காற்றுதான் காரணம். அதைச் சரிக்கட்ட ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சத்தம் மட்டுமே.

ரீமேப் செய்த டர்போ வண்டி

ரீமேப் தவறில்லை. அதன் சுமை போய் இறங்கும் இடங்களைப் பார்ப்பதில்தான் வேலை. ஸ்விஃப்ட் 1.3 டீசலின் ஸ்டாக் டார்க் (சுழற்று விசை) 190 நியூட்டன் மீட்டர். அதைக் கூட்டியதும் முதலில் தோற்பது கிளட்ச். சோதனை எளிது: காலியான நேரான ரோட்டில் நான்காவது கியரில், 1,800–2,000 ஆர்பிஎம் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி, வண்டி வேகம் அதோடு ஏறாவிட்டால் கிளட்ச் ஸ்லிப். முதல் கியரில் செய்து பார்த்தால் இது தெரியாது, பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் இருப்பது ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ். அது 250 நியூட்டன் மீட்டர் வரைக்கு வடிவமைத்தது. எஞ்சினின் ஸ்டாக் டார்க் 175. ரீமேப் செய்தபின் அந்த இடைவெளி சுருங்குகிறது. சில்க் போர்டு சந்திப்பு மாதிரி நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்தே கிளட்ச் சூடாகித் தேயும். ஒன்றிலிருந்து இரண்டு மாறும்போது உதறல், ரிவர்ஸ் விழத் தாமதம் இருந்தால் கிளட்ச், மெக்கட்ரானிக் (கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் யூனிட்) இரண்டுக்கும் எஸ்டிமேட் வாங்கி விலையில் கழியுங்கள். அந்தத் தொகையைக் கேட்டதும் பல பேரம் தானாக முறிந்துவிடும்.

டர்போவின் இன்டேக் பைப்பைக் கழற்றி, தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆடலாம். முன்னும் பின்னும் ஆடக் கூடாது, விசிறி இதழ் உறையில் உரசிய தடமும் கூடாது. இன்டர்கூலர் பைப்பில் ஆயில் ஈரம் சகஜம், தேங்கி நிற்பது சகஜமல்ல.

2013-க்குப் பிந்தைய வண்டியானால் ஓபிடி ஸ்கேனரை (வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) செருகி, எரர் கோடு மட்டுமல்ல, சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் 'ரெடினஸ்' பக்கத்தையும் பாருங்கள். எல்லாம் 'நாட் ரெடி' என்றால் நேற்றிரவுதான் கோடுகளை அழித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். கேட்டலிடிக் கன்வர்ட்டரை வெட்டி எடுத்துவிட்டுச் சென்சாருக்கு ஸ்பேசர் போட்டிருந்தால், ராம்ப்பில் ஏற்றிக் கீழிருந்து பார்த்தால் வெல்டிங் தெரியும். புகைச் சோதனையில் நிற்காத வண்டி அது. மறுபடி கன்வர்ட்டர் வாங்குவது சின்னச் செலவும் இல்லை.

வீல், ஸ்பிரிங்

பாலியோவுக்கும் புன்டோவுக்கும் வீல் போல்ட் வட்டம் 4x98, அதாவது 98 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நான்கு போல்ட். மாருதி, ஹோண்டா வீல் 4x100. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு துளையும் வெறும் 1 மி.மீ. தள்ளி இருக்கும், ஆகவே கடையில் அழுத்தி முடுக்கினால் ஏறிவிடும். போல்ட் சாய்ந்து உட்காரும், 80-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் உதறும், நாளாக ஆக போல்ட் தளரும். அலாயின் பின்பக்கம் அச்சிட்ட எண்ணைப் படித்துப் பாருங்கள். நடு ஓட்டையும் ஹப்பும் பொருந்துகிறதா, ஹப் ரிங் போட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். போலோவுக்கு 5x100, நடு ஓட்டை 57.1 மி.மீ.

டயரின் மொத்த உயரம் ஸ்டாக்கிலிருந்து 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 185/60 ஆர்15 சுமார் 603 மி.மீ.; 205/45 ஆர்17 சுமார் 616. அது பரவாயில்லை. அளவு மீறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், ஃபெண்டரில் உரசும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். பளபளக்கும் அலாயில் ஏழு வருட டயர் இருந்தால் நான்கு டயர் காசைக் கழியுங்கள்.

தாழ்த்திய வண்டியில் ஸ்பிரிங் வாங்கிப் போட்டதா, இருந்ததை அறுத்ததா என்று பாருங்கள். அறுத்த ஸ்பிரிங்கின் நுனி தட்டையாக, கட்டிங் வீல் தடத்தோடு இருக்கும். ஸ்பிரிங் தன் தட்டில் சரியாக உட்காராமல், வண்டியை ஜாக்கியில் தூக்கினால் லொடலொடக்கும். பம்ப் ஸ்டாப் நசுங்கி, ஷாக் அப்சார்பர் ஆயில் கசிந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கும். நம் ஊர் ஹம்ப்புகளில் கீழ்ப்பகுதி தட்டியிருக்கும் என்பதால் ஆயில் சம்ப்பையும் பாருங்கள். பானெட்டைத் திறந்து ஷாக் மேல்முனை உட்காரும் தகட்டைச் சுற்றிப் பெயின்ட் வெடித்திருந்தால் அது வெறும் பெயின்ட் வெடிப்பு என்று நம்ப வேண்டாம்.

வயரிங்

பெரும்பாலும் யாரும் பார்க்காதது, தீப்பிடிப்பது இதுதான். எச்4 பல்ப் ஸ்டாக்கில் 60/55 வாட். அதில் ரிலே இல்லாமல் 100/90 போட்டால் 5 ஆம்பியருக்கு வைத்த வயரில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஹெட்லைட்டின் பின் மூடியைக் கழற்றி ஹோல்டரைப் பாருங்கள்: பழுப்பேறி, நுனி உருகியிருக்கும். ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரியிலிருந்து போகும் தடித்த வயரில் 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபயர்வாலில் உரசிய நாளில் கதை முடிந்தது.

சாவியை எடுத்து, கதவை மூடி, அரை மணி நேரம் விட்டு, மல்டிமீட்டரைப் பேட்டரி நெகட்டிவில் தொடராக இணைத்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் காட்ட வேண்டும். மேலே போனால் ஏதோ ஒன்று இரவெல்லாம் பேட்டரியைக் குடிக்கிறது. ஸ்டீயரிங் மாற்றியிருந்தால் ஏர்பேக் இல்லை. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்ப்பைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

பாடி

பெயின்ட் தடிமன் மீட்டரை வைத்துப் பார்த்தால் கம்பெனி பெயின்ட் சுமார் 90–150 மைக்ரான். 250-க்கு மேல் போனால் பட்டி. ரேப் (பெயின்ட் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) ஒட்டியிருந்தால் சுமார் 100 மைக்ரான் கூடக் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ரேப்பும் பாடி கிட்டும் அழகுக்கு மட்டும் வருவதில்லை, டிங்கரிங்கை மூடவும் வரும். சென்னை வண்டியானால் 2015 டிசம்பர் வெள்ளம் நினைவில் இருக்கட்டும், பெல்லந்தூர் பக்கத்து வண்டியானால் 2022 செப்டம்பர். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும். சீட் தண்டவாளம், ஸ்டெப்னி குழி இரண்டிலும் கை விட்டுத் தடவுங்கள்.

பேரம்

பார்த்ததை எல்லாம் எழுதிக்கொண்டு, ஜே.சி. ரோட்டில் புதுப் பார்ட் விலையும், சிவாஜிநகர் குஜரியில் (பழைய பார்ட்ஸ் சந்தை) பழையதன் விலையும் விசாரித்துக் கழியுங்கள். ஒரிஜினல் பார்ட்ஸ் தருகிறேன் என்றால் பட்டியலை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், ஸ்டாக் ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஃபைல் உட்பட. டெலிவரி அன்றே டிக்கியில் ஏற்றிவிட வேண்டும், "அடுத்த வாரம் கொண்டு வந்து தர்றேன்" என்று விட்ட சைலன்சர் திரும்பி வந்ததில்லை. இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாள்தான் அவகாசம். அப்போதே மாற்றங்களையும் எழுத்தில் தெரிவித்து, எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் சேர்த்து எழுதித் தருவது) தர முடியாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லும் பாகத்தை முதலில் கழற்றுங்கள்.