மணல் ரோட்டுக்கு எந்தக் கிளிப்லெஸ் பெடல்?

கிளிப்லெஸ் பெடல்னா, ஷூ அடியில போல்ட் போட்டு வைக்கிற 'கிளீட்'ங்கிற துண்டு கச்சிதமா மாட்டிக்கிற பெடல். ரோடு சைக்கிள் வாங்கின கையோட மூணு போல்ட் கிளீட் பெடலுக்குத் தாவிராதீங்க. பந்தயக்காரங்க காலுல அதுதான் இருக்கும், சரி. ஆனா தனுஷ்கோடி தாண்டி, அரிச்சல்முனை மணல்ல இறங்கி நாலடி நடந்து பாருங்க. ஷூவுக்கு வெளியே துருத்திட்டு நிக்கிற பிளாஸ்டிக் கிளீட்டுல மணல் அப்பிக்கிட்டா, எவ்வளவு மிதிச்சாலும் ஒழுங்கா மாட்டாது.

நம்ம ராமேஸ்வரம் பக்கத்துக்கு ரெண்டு போல்ட் எஸ்பிடி போதும், ஷிமானோ கம்பெனியோட பெடல் வகை அது. உலோகக் கிளீட், ஷூ அடியில உள்ளே பதிஞ்சிருக்கும், டீக்கடை வரைக்கும் வழுக்காம நடக்கலாம். ரெண்டு பக்கமும் மாட்டுற பெடலா கேட்டு வாங்குங்க. ஷிமானோ பெடலோட பெரும்பாலும் எஸ்ஹெச்-51 கிளீட் வரும். அது குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினாத்தான் விடும். எஸ்ஹெச்-56 தனியா வாங்கணும். பதற்றத்துல காலை ஏடாகூடமா இழுத்தாலும் விட்டுரும். பழகுறவரைக்கும் 56, அப்புறம் 51. ஷூவைச் சாயங்காலமா போய்ப் போட்டுப் பாருங்க, வெயில்ல கால் வீங்கும்.

பெடலை மாட்டும்போது மரையில கிரீஸ் தாராளமா தடவுங்க. உப்புக் காத்துல கிராங்கோட, அதாவது பெடல் மாட்டுற தண்டோட, ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் மெக்கானிக்கும் திணறுவார். இடது பெடலுக்கு மரை எதிர்ச்சுத்து. ஸ்பானரை மேல நோக்கி வச்சு முன்சக்கரம் பக்கமா தள்ளினா ரெண்டு பெடலும் இறுகும்.

கிளீட்டை எங்க வைக்கிறதுங்கிறதுக்குத்தான் பொறுமை வேணும். பெருவிரலுக்குக் கீழ புடைச்ச எலும்பையும் சுண்டுவிரலுக்குக் கீழ உள்ள எலும்பையும் தொட்டுப் பார்த்து, ஷூ மேல ரெண்டு புள்ளி வைங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுல கிளீட் வரணும். நடக்கும்போது உங்க பாதம் வெளிப்பக்கம் திரும்புமா, அதே கோணத்துல வைங்க. முட்டி வலிச்சா முதல்ல இந்தக் கோணத்தைத்தான் பார்க்கணும், மாத்திரையை இல்ல.

பெடல் பின்னாடி, ஸ்பிரிங் இறுக்கத்தை மாத்துற சின்ன ஸ்க்ரூவை அலன் கீயால கழன்டு வராத அளவுக்கு நல்லாத் தளர்த்திட்டு, சுவரைப் பிடிச்சு நின்னுக்கிட்டே மாட்டிக் கழட்டிப் பழகுங்க. கை தன்னால வேலை செய்யுற மாதிரி கால் செய்யணும். அதுக்கப்புறம்தான் தெரு.

பாம்பன் பாலம் கடைசி. அங்க ரயில் பார்க்க, கடல் பார்க்கன்னு கார்காரங்க சொல்லாம கொள்ளாம நிப்பாங்க. முன்னால பிரேக் லைட் தெரிஞ்சதுமே இடதுகாலை விடுவிச்சிருங்க, சக்கரம் உருளும்போதே. ஆடிக் காத்துல இன்னும் கவனம். ராமேஸ்வரத்துல இருந்து மண்டபம் திரும்பும்போது தென்மேற்குக் காத்து இடது முன்பக்கமா அடிச்சு, நம்மளை ரோட்டு நடுவுக்குத் தள்ளும். இடது பக்கமாச் சாஞ்சு ஓட்டினாத்தான் நேரா போக முடியும். வலது காலை மட்டும் விடுவிச்சுப் பழகினவங்க பாடு அங்க திண்டாட்டம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு மக்கு நல்ல தண்ணி, ஒரு பழைய பிரஷ். பெடல் ஸ்பிரிங்கையும் கிளீட் போல்ட்டையும் கழுவித் துடைச்சு, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. மிச்சமில்லாம துடைச்சிருங்க, துடைக்காம விட்ட எண்ணெயில மணல் இன்னும் நல்லா ஒட்டும்.